மயில் குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டியவள்

சௌந்திரம் பெருமையோடுதான் சொன்னாள். "நான்தானுங்க டாக்டர். ஒண்ணையொண்ணு கொத்தி ரத்தம் பாத்துக்கிச்சுங்க. நாலுக்கும் மூக்கு வெட்டி உட்டனுங்க."

கால்நடை மருத்துவர் சண்முகவேல் கையிலிருந்த மயில் குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் ஏன் சுருங்கியது என்று அவளுக்கு விளங்கவில்லை. வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் ஆறு வருஷம், பழுக்கக் காய்ந்த தகட்டில் நாளுக்கு ஆயிரம் குஞ்சுக்கு மூக்கு வெட்டிய கை அது. வெட்டாவிட்டால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தியே கொன்றுவிடும். 1984இல் கொல்லிமலை அடிவாரத்தில் வனத்துறை பறவைக் கொட்டகை போட்டபோது, குஞ்சு வளர்க்கத் தெரிந்தவள் என்றுதான் அவளைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். கரும்பு வெட்டும்போது கிடைத்த மயில் முட்டைகளை அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கச் செய்தவளும் அவளே. வளர்ந்ததும் காட்டில் விடுவதாக ஏற்பாடு.

"இதுக என்னத்தத் தின்னு பொழைக்கும்?" என்றார் மருத்துவர்.

"நாம போடற தீவனந்தானுங்க."

"காட்டுல யாரம்மா போடுவா?"

சௌந்திரம் குஞ்சுகள் பக்கம் திரும்பினாள். காலையில் அவள் வைத்த கரையான் புற்றுக்கட்டியை ஒரு குஞ்சு கொத்திக்கொண்டிருந்தது. மேல் அலகு குட்டையாகிவிட்டதால் கரையான் சிக்கவில்லை. பசியில்லை போல என்று விடியலிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"மறுபடி வளருங்களா?"

"நுனி மட்டும் போயிருந்தா வளரும். உள்ள வரைக்கும் தீஞ்சிருந்தா வளராது."

மத்தியானம் சோற்றைப் பிசைந்த தன் கையையே பார்த்தாள். பறவைக்கு அலகுதானே கை? இத்தனை லட்சம் குஞ்சுகளில் ஒன்றைப் பிடிக்கும்போதுகூட அது ஏன் தோன்றவில்லை? பண்ணையில் வெட்டாதவளைத்தான் திட்டுவார்கள்.

"ஏம்புள்ள, அப்படியே கோழிப்பண்ணையாட்டம் கூண்டும் கட்டிரு. மயில் முட்டை யாவாரம் பாக்கலாம்," என்றான் காவல்காரன் காளியண்ணன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள், அன்று எழுந்து போய்விட்டாள்.

எட்டு நாளைக்கு ஒருமுறை மருத்துவர் வந்து அலகை அளந்தார். மூன்றுக்கு மெல்ல வளர்ந்தது. நான்காவதற்கு வளரவேயில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். மயிலைப் பிடித்துப் பழக்கமில்லாததால் முதல் மூன்றுக்கும் கை தயங்கி நுனியோடு நின்றுவிட்டது. நான்காவதில்தான் கை பழைய பழக்கத்துக்கு வந்தது. பண்ணையில் வெட்டுவதுபோலவே வெட்டினாள்.

ஐந்தாம் மாதம் காட்டு ஓரத்தில் கூடைகளைத் திறந்தார்கள். மூன்றும் ஓடிப் புதருக்குள் மறைந்தன. நான்காவது கூடைமேல் சௌந்திரத்தின் கை இருந்தது.

"இதையும் உட்ரு. பொழைச்சாப் பொழைக்கட்டும்," என்றான் காளியண்ணன்.

மருத்துவர் அவளைப் பார்த்தார். "நீ சொல்லம்மா."

அவள் கூடைக்குள் ஒரு புற்றுக்கட்டியை உடைத்துப் போட்டாள். குஞ்சு ஆவலாய்க் கொத்தியது. ஏழு தரம், எட்டு தரம். அலகில் மண்தான் ஒட்டியது.

"வேண்டாங்க," என்று மூடினாள்.

கொட்டகைக்கு வந்ததும் கம்பு தானியத்தை ஊறவைத்து, தட்டில் உயரமாகக் குவித்து வைத்தாள். பரப்பி வைத்தால் அந்தக் குட்டை அலகால் பொறுக்க முடியாது.