பிரெஞ்சுக் கட்சிக்கு வைத்த நிறைகுடம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றது, இரண்டு பேர் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனபடியால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

போன இலையுதிர் காலத்துத் தேர்தலில்தான் இந்தக் கனடா நாட்டில் நான் முதன்முதல் வாக்குப் போட்டேன். பியர்பொன்ட்ஸில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே கட்சிக்குத்தான் போடுவார்கள். எங்களை நாட்டுக்குள் விட்ட கட்சி என்பார்கள். மகனும் அப்படித்தான். எனக்குக் குடியுரிமை கிடைத்த அன்றே, "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். நான் கூட வந்து காட்டிவிடுறன்" என்று சொல்லிவிட்டான்.

ஏழு பேரை வளர்த்தவளுக்கு ஒரு பென்சில் பிடிக்கத் துணை வேண்டுமா? அதோடு, எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக்காரரின் கட்சி. அது இந்த மாகாணத்தில் மட்டும்தான் நிற்கிறது. பிரெஞ்சு பேசுகிறவர்களின் மொழிக்காக ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் கதைக்க ஆள் வேண்டும் என்று கேட்கிறது. இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் எங்களுக்கும் அப்படி ஒரு கட்சி இருந்தது. கச்சேரியிலிருந்து, அதுதான் அரசாங்கக் கந்தோரிலிருந்து, வேறு மொழியில் வந்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு என் மனுசன், நன்றாகப் படித்த மனுசன், முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான். எனக்கு எழுத்துச் சரியாக வராதது வேறு கதை. எழுத்துத் தெரிந்த மனுசனையும் அப்படி நிற்க வைத்தார்களே.

"அவங்கள் நாட்டைப் பிரிக்கப் பாக்கிறாங்கள், அம்மா" என்றான் மகன்.

"பிரிச்சாலும் எங்கட ரொக்ஸ்பரோ ரயில் ஓடும்தானே?"

"விளையாடாதேங்கோ. பேந்து எங்களைப் போகச் சொல்லுவாங்கள்."

"நான் ஊரை விட்டு ஒருக்கால் வெளிக்கிட்டு வந்தவள். இனி ஆர் சொன்னாலும் வெளிக்கிட மாட்டன்."

மருமகள் சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசிவிட்டு வந்த அவள், "மாமி, சனிக்கிழமை உங்கட கட்சிக்காரர் எங்கட றோட்டுக்கு வருகினமாம்" என்றாள். ஊரில் தேர்தலில் நிற்கிறவர் வந்தால் வாசல் படலையில் நிறைகுடம் வைப்போம், மாலை போடுவோம். வருகிறவரை வெறும் வாசலில் எப்படி வரவேற்பது? பித்தளைக் குடத்தை எடுத்து மினுக்கினேன். குடுமி வைத்த முடித் தேங்காய் தமிழ்க் கடையில் கிடைத்தது. மாவிலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் மேப்பிள் மரம் பழுத்துப்போய் நின்றது. அகலமான நல்ல சிவப்பு இலைகளாகப் பறித்து, குடத்து வாயைச் சுற்றி வைத்து, தேங்காயை நடுவில் இருத்தி, அரிசி பரப்பி வாசற்படியில் வைத்தேன். மாவிலையைவிட வடிவாகத்தான் இருந்தது.

வந்தவர் ஒரு வெள்ளைக்கார வயோதிபர், தனியாக. தோளில் ஒரு பை. வாய் திறக்க முதலே மாலையைப் போட்டுவிட்டேன். அவர் மாலையைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மருமகள் அவரோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு என் காதோடு சொன்னாள். "மாமி, இது கனடாக் கொடியில இருக்கிற இலையெல்லே. இவையள் அந்தக் கொடியை விட்டுப் போக நினைக்கிற ஆக்கள். அதோட இவர் தேர்தலில நிக்கிறவரும் இல்லையாம். நோட்டீஸ் குடுக்கிறவராம்."

"இலை என்ன செய்தது? மரம் உங்கட மண்ணிலதானே நிக்குது எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்தினார். குடத்திலிருந்து ஓர் இலையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாலையோடேயே இருந்து வடையும் தேத்தண்ணியும் முடித்தார். இந்தப் பக்கத்தில் தாங்கள் எப்போதும் தோற்பதுதானாம். தோல்வி பழகிவிட்டதாம், மாலைதான் பழக்கமில்லையாம். போகும்போது எங்கள் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த படத்தைக் காட்டி, அவர்தான் வேட்பாளர் என்றார்.

அன்று தொடக்கம் காலையில் நடக்கப் போகும்போது அந்தப் படத்தின் கீழ் நின்று பெயரைப் பார்ப்பேன். அந்த எழுத்து எனக்கு வாசிக்க வராது. ஆனால் எந்த எழுத்து நெட்டை, எது குட்டை, எதற்கு வால் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன்.

வாக்குப் போடும் இடம் பள்ளிக்கூட மண்டபம். மேசையில் இருந்த பெண்ணிடம் மகன், அம்மாவுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, நானும் கூடப் போகிறேன் என்று சொல்லத் தொடங்கினான். நான் அவன் நெஞ்சில் கையை வைத்தேன்.

"நில், தம்பி."

"பெயர் வாசிக்க மாட்டியளே, அம்மா."

"எனக்குத் தெரிஞ்ச பெயர்தான்."

பின்னால் நின்ற எங்கள் ஆள் ஒருவர், "அம்மாவை விடடா தம்பி, லைன் நீளுது" என்றார். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் தனியாக மட்டை மறைப்புக்குள் போனேன். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். வாலுள்ள எழுத்து இருந்தது, நெட்டை எழுத்து இருந்தது. வட்டத்துக்குள் பென்சிலை அழுத்தி, பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டேன்.

காரில் ஏறியதும் மகன் கேட்டான். "ஆருக்குப் போட்டனியள்?"

"பெட்டிக்குள்ள போட்டனான்."

வழக்கம்போல அந்தக் கட்சி இங்கே தோற்றது. எனக்கு அதில் கவலை இல்லை. ஆனால் மகன் பனிக்காலம் முழுக்க, கோயிலிலும் கலியாண வீடுகளிலும், "அம்மாவும் எங்கட கட்சிக்குத்தான் போட்டவ" என்று சொல்லித் திரிகிறான். நான் போட்ட வாக்கை அவன் தன் கணக்கில் எழுதுகிறான். அதனால்தான் இதை எழுதினேன்.

பேத்தி, இந்த மகனின் மகள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

"இஞ்ச வா, பிள்ளை. இதை முதலில இருந்து வாசி பாப்பம். பிழை இருந்தால் பேந்து திருத்தலாம். கொப்பா குசினிக்குள்ள நிக்கிறார். அவருக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமா வாசி."