நீல முள்ளங்கி

முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு விவசாயிக்குத் தோட்டம் இருந்தது. மூன்று பக்கமும் பனியன் கம்பெனிகள், நான்காவது பக்கம் சாலை. தொழிலாளர்கள் குடியிருக்க லைன் வீடு கட்டுவதற்காக அந்த இடத்தைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்ததற்கு ஒரே காரணம் எங்கள் ஏற்பாடுதான்.

மண்ணரையில் ஒரு காய்கறிக் கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுவட்டார விவசாயிகள் காலையில் கொண்டுவருவதைத் தரம் பிரித்து விற்கும் இடம். அதற்கு முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில், துணியின் நிறத்தை ஷேடு கார்டு என்ற வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்களைப் போலவே உடுமலைப் பக்கம் ஒரு கூடமும் காங்கேயம் பக்கம் ஒரு கூடமும் நடந்தன. ஒரு கம்பெனி கேன்டீனுக்குத் தினமும் வேண்டிய காய் முழுவதையும் எங்களில் யாராலும் தனியாகக் கொடுக்க முடியாது. எங்களுக்குக் கீரையும் முள்ளங்கியும் மிஞ்சும், தக்காளி போதாது. உடுமலைக்காரர்களிடம் தக்காளியும் தேங்காயும் இருந்தன. காங்கேயத்தில் முருங்கை. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒரே பெயரில் கொடுத்தால் முடியும். பல நாள் அலைந்து ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனைப் பிடித்தோம். அது நிலைத்தால் மற்றவையும் வரும் என்று மூன்று ஊர்க்காரர்களும் நம்பினோம். அந்த நம்பிக்கையில் அவர் தோட்டம் முழுக்க முள்ளங்கி போட்டார்.

வெயில் ஏறுமுன் பறித்து, கழுவி, பெட்டியில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி அனுப்புவார். ஒரு செவ்வாய்க்கிழமை சாக்குக்குப் பதிலாகப் பனியன் துணியை நனைத்துப் போட்டிருக்கிறார். அவர் மச்சான் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆகி மூலையில் கிடந்ததாம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எதற்காக ரிஜெக்ட் ஆனது என்று இவர் கேட்கவில்லை. சாயம் நிற்காததால் திரும்பி வந்த லாட் அது. அன்று நேரமாகிவிட்டதென்று, மற்ற ஊர்க் காய்களை ஏற்றிவந்த வண்டி என் கூடத்துக்கு வராமல், தோட்டத்திலிருந்து நேராகக் கேன்டீனுக்குப் போய்விட்டது.

கூப்பிட்டார்கள், போனேன். முள்ளங்கி திட்டுத் திட்டாக நீலம். ஒன்றை எடுத்துக் கத்தியால் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பளிச்சென்ற வெள்ளை. தெற்கத்திச் சமையல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“எக்கா, சாம்பாருக்கும் ஒரு ஷேடு கார்டு குடுத்து விட்டிருக்கலாம்லா?”

எல்லோரும் சிரித்தார்கள். கேன்டீன் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

“உள்ள வெள்ளையா இருக்கறது எனக்குத் தெரியுதுங்க அக்கா. ஆனா இந்த ஊர்ல நீலக் காயைப் பாத்தா ஆருக்குமே சாயப்பட்டறைத் தண்ணி நெனப்புத்தான் வரும். சாப்பிடற பொண்ணுக கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?”

தக்காளி, முருங்கை, தேங்காய் எல்லாமே திரும்பின. எல்லாம் ஒரே பெயரில் போனவைதானே. ஷிப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி வேன்களில் அந்த ஷேடு கார்டு பேச்சும் ஏறிப் போயிருக்க வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனியிலிருந்து மறுநாளே போன் செய்து, நீலக் காய் நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டார்கள்.

தோட்டக்காரரை யாரும் திட்டவில்லை. “சாக்கு அழுக்கா இருக்குதேன்னு புதுத் துணியாப் போட்டனுங்க” என்றார்.

உடுமலைக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்க ஆளுகளுக்கு நான் பதில் சொல்லோணுமுங்க. கொஞ்ச நாளைக்கு அவங்கவங்க பேர்லயே பாத்துக்கலாமுங்க.” காங்கேயத்துக்காரர்கள் அதுகூடச் சொல்லவில்லை. அவர்கள் பெட்டிகள் வருவது நின்றது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை; கேன்டீனும் அதோடு போனது.

தோட்டத்தில் முள்ளங்கி திரண்டுகொண்டிருந்தது. என் கூடத்தில் மட்டும் அவ்வளவையும் விற்க வழியில்லை. பாதி கொண்டுவரச் சொன்னேன். பிறகு அதிலும் பாதி. முகம் சுளிக்காமல் அப்படியே கொண்டுவந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்து நின்றார்.

“தோட்டத்தக் குடுத்துட்டனுங்க. வேற ஆரும் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் வந்தனுங்க.”

நிற்கிற முள்ளங்கியை என்ன செய்வது என்று கேட்டேன். திங்கட்கிழமை ஜேசிபி வருவதாகவும், அதற்குள் முடிந்ததைப் பறித்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூடத்துப் பெண்கள் இருவரோடு போய்ப் பறித்தேன். அவரும் கூடக் குனிந்து பறித்தார். மண்ணோடு, இலையோடு மண்ணரை வீதியில் கொண்டுவந்து குவித்தோம். கம்பெனி விடுமுறை, வீதியில் நல்ல கூட்டம். மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருக்கும் ஒரு பெண், வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். எந்தத் தோட்டத்துக் காய், அடுத்த வாரமும் வருமா என்று கேட்டாள். இடத்தைச் சொல்லி, இனி வராது என்றேன்.

“அங்கதான லைன் வீடு கட்டப் போறாகளாம்? வாடகை எம்புட்டுன்னு கேட்டுச் சொல்றீகளாக்கா? நாங்க இருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாக.”

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.