ஈர்க்கில் அளந்த கால்

நான் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். உப்புவெளிக் கடற்கரையில்தான் என் கொட்டில் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், அளவு விஷயத்தில் என்னை யாரும் பிழை பிடித்ததில்லை. நான் ஒரு வாஷர் வெட்டினால் அது அப்படியே போய் உட்காரும். பிள்ளைகளே, அந்தப் பெருமைதான் போன வருடம் என்னைத் தெருவில் ஓட வைத்தது.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஹொக்கி அணியில் அவளைப் பின்வரிசைக்கு எடுத்திருந்தார்கள். எதிரணி அடிக்கிற பந்துக்கு முன்னால் போய் நிற்கிற வேலை அது. ஹொக்கிப் பந்து கல்லு மாதிரி இருக்கும். உங்கள் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே உடனே எலும்புதான். அதை மூடிக் கட்டுகிற தடித்த காப்பைப் பிள்ளைகள் ‘பாட்’ என்கிறார்கள். சனிக்கிழமை இன்னொரு பள்ளிக்கூடத்தோடு போட்டி. அளவான பாட் இல்லாத பிள்ளையை மைதானத்துக்குள் விடமாட்டேன் என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

“அப்பா, நானும் கடைக்கு வாறன்,” என்றாள் மகள்.

“உனக்கு ரியூஷன் இருக்கு. அளவைத் தா, நான் வாங்கிக்கொண்டு வாறன்.”

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குச் செருப்பு வாங்குவது இப்படித்தான். பாதத்தில் ஒரு தென்னோலை ஈர்க்கை வைத்து, அளவுக்கு முறித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடைக்குப் போவோம். மகளைச் சுவரோடு நிற்பாட்டி, முழங்கால் சிரட்டையிலிருந்து நிலம் வரைக்கும் ஈர்க்கைப் பிடித்து முறித்தேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, அது செருப்பில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

“எஞ்சினுக்கே அளவெடுக்கிறனான். இது ஒரு காலுதானே.”

நகரத்துக் கடையில் ஈர்க்கைப் பக்கத்தில் வைத்து, ஒரு நூல் கூடாமல் குறையாமல் அதே நீளத்தில் ஒரு சோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மகள் கட்டினாள். மேலே அது முழங்காலை மூடி நின்றது. கீழே சப்பாத்துக்குள் இறங்கமாட்டேன் என்றது. குந்தச் சொன்னேன். கால் மடியவில்லை.

“உங்கட எஞ்சினுக்குக் கட்டிப் பாருங்கோ, சில நேரம் சரிவரும்,” என்றாள் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை என்னை வெளியிலை இருத்திப் போடுவினம் அப்பா,” என்றாள். நான் அந்தச் சோடியைத் திரும்பக் கடைப் பைக்குள் போட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்கார அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தா.

“ஏன் தம்பி, ஈர்க்கோ விளையாடப் போகுது?”

பிறகு மகளைக் கதிரையில் இருத்தினா. “நீளக் கால்மேஸையும் சப்பாத்தையும் போடுங்கோ பிள்ளை. வெறுங்காலோடை பார்த்தால் அளவு பொய் சொல்லும்.” பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லி, அது மடிகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு விரலை வைத்தா. முழங்கால் சிரட்டைக்கு இரண்டு விரல் கீழே மற்றக் கை. “இந்த ரெண்டுக்கும் நடுவிலைதான் பாட் இருக்கோணும். முழங்காலும் மடியோணும், பாதமும் மடியோணும்.”

முதலில் கட்டிய சோடி நீளத்தில் சரி. ஆனால் அக்கா பிடித்துத் திருப்பினதும் பக்கவாட்டில் போய்விட்டது. “ஓடேக்கை இது பின்னாலை போயிடும். எலும்பு முன்னாலையெல்லோ கிடக்கு.” அடுத்ததைக் கட்டியதும் கால் விறைக்கிறது என்றாள் மகள். மூன்றாவது சோடி காலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. காலுறையைப் பாட்டுக்கு மேலே இழுத்துவிட்டதும் அக்கா சொன்னா, “இனி ஓடிப் பாருங்கோ.”

கடைக்குள் ஓட இடமேது? மகள் தெருவில் இறங்கி பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஓடித் திரும்பினாள். குந்தினாள், துள்ளினாள். எதிரே ஓட்டோக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தங்கச்சி, இன்னொருக்கா ஓடுங்கோ. இந்தப் பக்கம் நிண்டவைக்குத் தெரியேல்லை,” என்றான் ஒருவன்.

நான் ஈர்க்கில் அளந்து வாங்கிய சோடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். மகள் அதைப் பார்த்தாள். “நீங்களும் கட்டிக்கொண்டு வாங்கோ அப்பா. உங்களுக்கு அளவாத்தான் இருக்கும்.”

கட்டினேன். உண்மையாகவே அளவாக இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மகள் சிரித்த சிரிப்பில் நடுவழியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடி முடிஞ்சால் தாங்கோ, மாத்தித் தாறன்,” என்றா அக்கா.

சனிக்கிழமை ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பாட்டையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மகளுடையது அசையவில்லை. உள்ளே போகச் சொன்னார்.

இரண்டாம் பாதியில் எதிரணிப் பிள்ளை ஓங்கி அடித்த பந்து நேரே வந்து மகளின் காலில் பட்டது. அந்தச் சத்தம் நான் இருந்த இடத்துக்குக் கேட்டது. அவள் குனியவில்லை, காலைப் பிடிக்கவுமில்லை. நான் எழும்பி நின்று கை தட்டினேன். நடுவர் விசில் ஊதினார். இன்னும் பலமாகத் தட்டினேன்.

பக்கத்தில் இருந்த எதிரணிப் பள்ளிக்கூடத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, நீங்களும் எங்கட பள்ளிக்கூடமோ?”

“இல்லை. பந்து பட்ட பிள்ளை என்ரை மகள்.”

“பிறகேன் கை தட்டுறியள்? காலிலை பட்டால் பவுல், உங்கட பக்கத்துப் பிழை. பந்து இப்ப எங்களுக்கு.”

“ஓம், ஓம்,” என்றேன். கை மட்டும் நிற்கவில்லை.

மைதானத்துக்குள்ளிருந்து மகள் என்னைப் பார்த்து, கீழே இருங்கோ என்று கையால் காட்டினாள். பிறகு கொஞ்சமும் நொண்டாமல் தன் இடத்துக்கு ஓடினாள்.