மரத்துறையா, அலுமினியத் துறையா

சுலோஜனாவுக்கு ஐம்பத்தாறு வயது. படுவான்கரையில், வாவியோரத்து வளவில் வீடு. புருஷன் தங்கராசா நாற்பது வருடம் அந்த வாவியில் இறால் பிடித்தவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருடைய வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. மிச்சக் காலிலும் ஆறாத புண். செவ்வாயும் வெள்ளியும் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். வீதியால் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒற்றைக் காலோடு அது நடக்கிற காரியமா? அதனால் ஊர்த் தோணிக்காரன் அன்ரோவின் இயந்திரத் தோணிதான் வழி. அந்த மனிசனைத் தோணியில் இறக்குவது சுலோஜனா. திரும்பித் தூக்கி ஏற்றுவதும் சுலோஜனாதான், வேறு யார் இருக்கிறார்கள்!

போன மாரி மழையில், தோணி கட்டுகிற பழைய பனங்குற்றித் துறை உக்கி முறிந்தது. இருவரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் புதுத்துறை போடுவதென்று முடிவானது. முடிவானதும் ஊரே வந்து நியாயம் சொன்னது. தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தானே தெரியும்!

“பாலை மரத்தில போடுவம். நம்மட காலத்துக்குக் காணும்,” என்றார் தங்கராசா.

அலுமினிய யன்னல் பூட்டுகிற பிரதீஸ் வளவைப் பார்த்துவிட்டு வேறு சொன்னான். “மாமி, பிளாஸ்டிக் பீப்பா கட்டி அதுக்கு மேல அலுமினியத் தட்டுப் போட்டுத் தாறன். தண்ணியோட ஏறும், தண்ணியோட இறங்கும். சக்கர நாற்காலிய உருட்டியே தோணிக்குப் போகலாம். தூக்கத் தேவல்ல.”

தூக்கத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லிலேயே சுலோஜனாவின் இடுப்பு பாதி ஆறியது.

“அது பேணித் தகரம். உப்புத் தண்ணிக்கு நிக்குமா?” தங்கராசா விடவில்லை. மூன்று கிழமை இதே கதை. சோறு போட்டாலும் மரம், புண் துடைத்தாலும் மரம். அவளுக்கு அலுத்துப்போனது.

நாலாவது கிழமை பொறுமை போய்விட்டது.

“இஞ்சாருங்க, வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டினா ஒரே நாளில வாவி ரெண்டு முழம் இறங்கும். மரத்துறை இறங்குமா? அந்த உயரத்தில இருந்து உங்களத் தோணிக்குள்ள இறக்கிறது ஆரு? நாற்பது வருஷம் வாவியில கிடந்த உங்களுக்கு இது தெரியாதா?”

தங்கராசா துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“தெரியும்,” என்றார் கடைசியில். “அலுமினியத் துறை வந்தா, மறுகா தூக்கிறதுக்கு நீ தேவல்லதானே. அன்ரோவோட என்னத் தனிய அனுப்பிப் போடுவாய்.”

சுலோஜனா இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் கொஞ்ச நாளாய் அவள் மனதில் ஓடியது அதேதான். அவருடைய கால் போன இந்த ஏழு வருடத்தில் ஒரு பகல்கூட அவள் படுத்ததில்லை. பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை.

“ஓம்,” என்றாள். “அனுப்பத்தான் நினைச்சன். எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒரு நாளாவது நான் படுக்க வேணும்.” சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் அவளைப் பார்க்காமல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரதீசுக்கு போன் எடு,” என்றார் பிறகு.

அலுமினியத் துறை வந்தது. முதல் வெள்ளிக்கிழமை காலையில் அவரை உருட்டிக்கொண்டு போய் விட்டாள். அன்ரோ பலகை வைத்து, நாற்காலியோடு தோணிக்குள் இழுத்துக்கொண்டான். தோணி போனதும் வீட்டுக்குள் வந்து வெறும் பாயில் சரிந்தாள். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது மூன்று மணி. ஐயையோ! தலைமயிரைக்கூட அள்ளி முடியாமல் ஓடினாள். அலுமினியத் தட்டின் நடுவில், கொதிக்கிற வெயிலில், தங்கராசா நாற்காலியில் இருந்தார். துவாய் தலையில் கிடந்தது. அன்ரோவையும் தோணியையும் காணவில்லை.

“எப்ப வந்த நீங்க?”

“ஒரு மணிக்கு. அன்ரோ வந்து உன்ன எழுப்பப் போனான். நான்தான் மறிச்சு அனுப்பினன்.”

“ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!” அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நல்லா நித்திர கொண்டியா, புள்ள?” என்று கேட்டார் தங்கராசா.