வீட்டு வழியே சென்ற தேடல்

தாம்பரத்துப் பள்ளியொன்றில் என்னோடு பணியாற்றிய வேதியியல் ஆசிரியை அவர். மெலிந்த முகம், கோடை வெயிலிலும் மணிக்கட்டுவரை நீண்ட கை வைத்த ரவிக்கை. எவரேனும் அருகே வந்தால் மடிக்கணினியைப் பாதி மூடிவிடுவார்.

ஒருநாள் மூடத் தாமதித்தார். திரையில் திருச்சி மகளிர் விடுதி ஒன்றின் பக்கம் இருந்தது. ரவிக்கையின் கை விலகிய இடத்தில் கன்றிய தழும்பையும் கண்டேன். அதைக் கேட்கத் துணிவின்றி, "இங்க ஸ்கூல் நெட்ல பாடத்தத் தவிர எந்தப் பக்கமும் திறக்காதே டீச்சர்?" என்றேன்.

"விபிஎன் சார். எங்க வீட்டு நெட்டுக்குப் போய், அங்கேருந்து வெளிய போகும். நான் என்ன பாக்கறேன்னு ஸ்கூலுக்குத் தெரியாது."

"நீங்களே போட்டீங்களா?"

"எங்க வீட்டுக்காரர்தான். சிறுசேரி ஐ.டி. கம்பெனில அவருக்கு இதான் வேலை."

"அப்ப நீங்க பாக்கறது அவருக்குத் தெரியுமா?"

ஆசிரியை மடிக்கணினியை முழுவதும் மூடிவிட்டு, மாலை மணி அடித்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை, கணவர் வந்தார். "திருச்சியப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா சார்?" என்று பணிவாகக் கேட்டார். இல்லையென்றேன்.

அந்த அம்மையார் தப்பிச் சென்றாரா, வீட்டில் அடைபட்டிருந்தாரா என்பதை அக்கேள்வியிலிருந்து இன்றுவரை என்னால் அறிய இயலவில்லை.