எண்ணெய்க் குழாயில் காற்று

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்தத் தெருவிலேயே பனிமேல் சறுக்கி ஓடும் பனிவண்டி வைத்திருந்த ஒரே ஆள் ரெபெக்காதான். நாகர்கோவில்காரி, நியூ பிரன்ஸ்விக் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். தொண்ணூற்று நான்கு குளிர்காலத்தில் ரோடெல்லாம் கண்ணாடிபோல் உறைந்த ஒரு நாள், காரைப் பாதிவழியில் விட்டுவிட்டு நடந்தே டியூட்டிக்குப் போனாள். அவள் போய்ச் சேரும்வரை ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு மிஷினுக்காகக் காத்துக் கிடந்தார். அந்த வருஷமே, புளோரிடாவுக்குக் குடிபோன சக நர்ஸ் ஒருத்தியிடமிருந்து பழைய பனிவண்டியை வாங்கிவிட்டாள்.

கணவன் பெனிஷுக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்வீட்டுத் திருமூர்த்தி வேறு, "என்ன பெனிஷ், அலாஸ்காவுக்கு மூவ் பண்றீங்களா?" என்று பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். ரெபெக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேனுவலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, லீவு நாட்களில் கராஜில் கையெல்லாம் கரியாக வண்டியைப் பழகினாள்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் பெரும்பனி வந்தது. ஞாயிறு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. திங்கள் காலையில் தெருவில் நின்ற கார்கள் வெறும் வெள்ளை மேடுகள். யாரும் காரை வெளியே எடுக்கக் கூடாதென்று அரசாங்கமே தடை போட்டிருந்தது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆம்புலன்ஸில் நோயாளிகளை எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மிஷினில் போடத்தான் நர்ஸ் இல்லை.

"வாறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

பெனிஷும் திருமூர்த்தியும் கராஜ் வாசலில் பனியை வாரித் தள்ளினார்கள். ரெபெக்கா வண்டியின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். எலி கடித்த எண்ணெய்க் குழாயை எடுத்துவிட்டுப் புதிது போட்டதிலிருந்து வண்டியை அவள் ஓட்டியிருக்கவில்லை. கண்ணாடிபோல் தெரிந்த அந்தக் குழாய்க்குள் குமிழ் குமிழாக நின்றது.

"காத்து அடைச்சிருக்கு" என்றாள்.

"சின்ன பபிள்தானே? ஓட ஓட சரியாயிரும். லேட் ஆவுது, ரெபெக்கா" என்றான் பெனிஷ்.

"சரியாவாது. எண்ணெய் போவலைன்னா இன்ஜின் இறுகிப் போயிரும். அப்புறம் நடுரோட்டுல பனிக்குள்ள நிப்போம். கொஞ்சம் பொறுங்க."

அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஒரு தொட்டியில், எண்ணெய் இன்னொரு தொட்டியில். நடுவில் ஒரு சின்ன பம்பு எண்ணெயை இன்ஜினுக்கு ஊட்டும். குளிரில் கெட்டியாகியிருந்த எண்ணெய் டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் வெந்நீரில் போட்டு இளக்கிக்கொண்டு வந்து வண்டியின் எண்ணெய்த் தொட்டியை நிரப்பினாள். பம்பின் ஸ்குரூவைத் தளர்த்தி, அடியில் பழந்துணியை வைத்தாள். எண்ணெய் கொப்புளித்துக் கொப்புளித்து வந்தது. விரலால் குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழ்களை நகர்த்தினாள்.

மறுபடி போன் அடித்தது. பெனிஷ் அவளைப் பார்த்தான்.

"வந்துட்டே இருக்கோம்னு சொல்லுங்க. எத்தன மணிக்குன்னு சொல்லாதீங்க" என்றாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் வேலை செய்வதைப் பெனிஷ் அதுவரை நின்று பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இருப்பாள் என்று தோன்றியது. அவள் கையில் பதற்றமே இல்லை. திருமூர்த்தியும் கேலியை மறந்து டார்ச்சை நீட்டிக்கொண்டு நின்றார்.

குமிழ் இல்லாமல் எண்ணெய் ஒழுகியதும் ஸ்குரூவை இறுக்கினாள். பாதுகாப்புக்குப் பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் கலந்து, கயிற்றை இழுத்து வண்டியை உயிர்ப்பித்தாள். மெதுவாக ஓடவிட்டு, பம்பின் நெம்புகோலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாய்களில் மிச்சமிருந்த காற்றும் நகர்ந்து மறைந்தது. கராஜெல்லாம் நீலப் புகை.

"ஏறுங்க" என்றாள்.

பெனிஷ் பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வண்டியைத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டுமே! எப்படித் திருப்புவது, எப்படி நிறுத்துவது என்று போகிற போக்கிலேயே கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாள். பதினெட்டாம் நம்பர் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கோட்டுக்குள் நர்ஸ் உடுப்பைப் பார்த்ததும் வழிவிட்டார். பக்கத்து ஊரான மில்டவுனில் இன்னொரு நர்ஸ் வாசலில் காத்திருக்கிறாள், அவளையும் கூட்டிவர முடியுமா என்று கேட்டார்.

ரெபெக்கா பெனிஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போறேன்" என்றான் பெனிஷ். தன் குரலா அது என்று அவனுக்கே ஆச்சரியம்.

ரெபெக்காவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அன்று இருட்டும்வரை நர்ஸ்களை ஏற்றி இறக்கி பெனிஷ் ஓட்டினான். பனிமேட்டில் ஒரு தடவை குப்புற விழுந்தும் எழுந்து ஓட்டினான். வண்டி ஒரு தடவைகூட முரண்டு பண்ணவில்லை. காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் டயாலிசிஸ் நடந்தது. புதன்கிழமை ரோடு திறந்த பிறகுதான் ரெபெக்கா வீடு திரும்பினாள். வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிப்போனாள். பெனிஷ்தான் கழற்றிவிட்டான்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தது பெனிஷ்தான்.

"அவளுக்கு இன்னைக்கும் டியூட்டி, பாஸ்டர்" என்றான்.