ஆறு மணிக்கு ஒரு மணி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு கணினியைத் தூங்க வைப்பது. ஊரப்பாக்கத்தில் பத்துப் பேர் வேலை பார்த்த சிறு நிறுவனம் என்னை மூன்று மாதத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. டச்சுக்கோட்டைக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஓர் அறை. அதில் கடல்மட்டத்தைக் குறித்துக்கொள்ளும் கணினி, வெயிலில் சார்ஜ் ஏறும் பேட்டரி, ஒரு தொலைபேசி. மாலை ஆறு பத்துக்குக் கணினி தூங்கிவிட வேண்டும். இரவில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அந்த மணிக்கு விழித்து, அன்றைய அளவுகளை அனுப்பிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். தூங்காமல் இருந்தால் விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

நான் தங்கியிருந்த மாடி அறையில் போன் கிடையாது. அதனால் செங்கல்பட்டில் இருந்த அம்மாவுக்கு அந்தக் கணினியின் எண்ணைக் கொடுத்திருந்தேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு மணி அடித்து நின்றால், வீட்டில் எல்லாம் சரி. இரண்டு அடித்தால், டெலிபோன் பூத்துக்குப் போய்க் கூப்பிடு. மூன்றாவது அடிக்க விடக்கூடாது, கணினி எடுத்துவிடும். தினமும் சரியாக ஆறு மணிக்கு ஒன்று அடிக்கும். நான் ரிசீவரைத் தொடமாட்டேன். பல நாட்களில் என்னைத் தேடி வந்த ஒரே சத்தம் அதுதான்.

முதல் வாரம் ஐந்து நாளும் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. திரை அணைந்ததைப் பார்த்த பிறகுதான் கதவைப் பூட்டியிருந்தேன். நோட்டில் காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்: பழைய பேட்டரி, உப்புக்காற்று, சூரியத் தகட்டின் மேல் காக்கை எச்சம். காவலுக்கு இருந்த பெரியவர்தான் சொன்னார்: "நீ பூட்டினு அந்தாண்ட போனதும் அது கண்ணத் தொறந்துகினு கீது பாப்பா. இங்க வாட்ச்மேன் நானா, அதுவா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மணி அடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பேட்டரி நிறைந்திருந்தது.

அப்போது புரிந்தது. கணினி விழித்திருக்கும்போது மணி அடித்தாலும், யாரோ கூப்பிட்டார்கள் என்று, கணினியைப் போனோடு இணைக்கும் மோடம் ஒரு குறி போட்டு வைக்கிறது. அளவுகளை அனுப்பி முடித்தால்தான் நிரல் அந்தக் குறியை அழிக்கும்; இப்படி வெறுமனே விழுந்த குறியை யாரும் அழிப்பதில்லை. தூங்கப் போன கணினி அதைப் பார்த்து, இப்போதுதான் கூப்பிட்டார்கள் என்று எழுந்துகொள்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்பே முடிந்துபோன அழைப்பு அது. குறியை அழிக்க நிரலைத் திருத்த வேண்டும். அம்மாவை நிறுத்துவது அதைவிட எளிதாகத் தெரிந்தது.

பூத்திலிருந்து பேசினேன். "ஆறு மணிக்கு அடிக்காதம்மா. அது தூங்கப் போற நேரம்."

அம்மா கேட்டாள்: "வெளக்கு வைக்கிற நேரத்துல அங்க யாருடி தூங்கறது?"

கணினி என்று விளக்கினேன். அம்மா சிரிக்கவில்லை. எதுவானாலும் அந்த நேரத்தில் தூங்குவது நல்லதில்லை என்றாள். பிறகு, சரி என்றாள்.

மணி நின்றது. கணினி ஒன்பது நாள் ஒழுங்காகத் தூங்கியது. ஆறிலிருந்து ஆறு பத்து வரை எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பத்தாவது நாள் மாலை, கணினி விழித்திருந்தபோதே அலுவலகத்திலிருந்து யாரோ முயன்றார்கள். ஒரு மணியோடு அறுந்துவிட்டது. காலையில் பேட்டரி காலி. இன்னொரு முறை இப்படி ஆனால் அனுபவமுள்ள ஒருவரை அனுப்பிவிட்டு என்னைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக மேலாளர் மரியாதையாகச் சொன்னார். பிழையை அப்படியே விட்டுவிட்டு அம்மாவின் வாயைத்தான் அடைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அன்றே நிரலைத் திருத்தினேன். முதலில் பழைய குறியை அழி. அடுத்து, மணிக்கு எழும் வழியைத் திற. இடையில் புதிதாக மணி அடித்ததா என்று ஒரு முறை பார், அடித்திருந்தால் தூங்காதே. பிறகு தூங்கு. இந்த வரிசை மாறினால், புதிதாக வந்த அழைப்பும் பழையதோடு சேர்ந்து அழிந்துபோகும்.

மறுபடி பூத்து. "இனிமே ஆறு மணிக்கே அடிக்கலாம்மா. அது பழச மறந்துட்டுத்தான் தூங்கும்."

"தூக்கம் புடிக்கிற நேரத்துல சத்தம் கேட்டா கொழந்த ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கும்," என்றாள் அம்மா. "அசந்தப்புறம் கேட்டா, ஒரு தரம் கண்ணத் தொறந்து பாத்துட்டுத் தூங்கிடும். நீ அப்படித்தான் இருந்த." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குக் காத்திருந்தேன். அடிக்கவில்லை. ஆறு பத்துக்குத் திரை அணைந்தது. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன், எழவில்லை. ஆறரைக்குச் சாவியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு என் அறைக்கு நடந்தேன்.

காலையில் பேட்டரி நிறைந்திருந்தது. கணினியின் பதிவில், அலுவலக அழைப்புக்கு முன்னால் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 18.42. ஒரு மணி. விழிப்பு. இணைப்பு இல்லை. தூக்கம்.

விளக்கு வைத்துவிட்டு, அது அசந்திருக்கும் என்று நினைத்த பிறகு அடித்திருக்கிறாள்.

அங்கே இருந்த மீதி நாட்களிலும் அந்த வரி தவறவில்லை. நிமிடம்தான் முன்னே பின்னே இருக்கும். ஒரு நாள் சாவியைக் கொடுத்த பிறகும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அலைச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. ஜன்னலில் மட்டும் வெளிச்சம் வந்து, சற்று நேரம் இருந்து, போயிற்று. அதன்பின் நான் அப்படி நிற்கவில்லை. காலையில் போனதும் முதலில் அந்த வரியைப் படிப்பேன். கடல்மட்டம் அதற்குப் பிறகுதான்.